அனுபவம்: இல்லை

ஞாயிறு மாலை படிவங்களை மேசையில் பரப்பி
யாருக்கு எந்தக் குதிரை என்று பிரிப்போம்
மெர்லும் நானும்.
எடை என்ற கட்டத்தில் இருப்பதோடு
இருபது பவுண்டு கூட்டிக்கொள்ள வேண்டும்.
அனுபவம் என்ற கட்டத்தில் இருப்பதில்
பாதியைக் கழிக்க வேண்டும்.
சின்சினாட்டி பல் டாக்டர் ‘நிறைய’ என்று எழுதியிருந்தார்.
அவருக்கு பிஸ்கட். வயது பதினெட்டு,
இடி விழுந்தாலும் புல்லை விட்டுத் தலை தூக்காது.

ஒரே ஒரு படிவத்தில் ‘இல்லை’.
பெயர் ஃப்ராவ்கே. ஊர் பிரேமர்ஹாஃபன்.
வேலை: துறைமுகத்தில் தூக்குப்பாலம் இயக்குவது.
மெர்ல் இரண்டு தரம் படித்துவிட்டு
“தூக்கவா இறக்கவா?” என்றான்.
சாம்பல் நிற ஹேஸலைக் கொடுத்தோம்.

புதன்கிழமை
நூற்றுப் பதினாறு பசுக்கள், அத்தனை கன்றுகள்,
கீழ் மேய்ச்சலிலிருந்து பிக்ஹார்ன் மலைமேல்.
விருந்தாளிகளுக்கு விடியலில் சொல்வது எப்போதும் இதுதான்:
கத்தாதீர்கள். தொப்பியை வீசாதீர்கள்.
மாட்டோடு போகிறோம், துரத்தவில்லை.
ஏழரை மணிக்குள் எல்லோரும் கத்தியாயிற்று.
பல் டாக்டர் தொப்பியை வீசினார்,
விலைச்சீட்டு அதில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

தாயைத் தவறவிட்ட கன்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
கடைசியாகப் பால் குடித்த இடம்.
ஐந்து மைலானாலும் அங்கேயே திரும்பி ஓடும்.
கயிறு, குதிரை, கெட்ட வார்த்தை
எதற்கும் மசியாது.

அதனால் ஓடைக்கு மேலே
வலைக்கம்பி வேலியில் கதவு பெயர்ந்து கிடந்த இடைவெளியில்
யாரையாவது நிறுத்த வேண்டியிருந்தது.
“இங்கே நில். எதையும் கீழே விடாதே.
நான் வந்து சொல்கிறேன்.”
தலையை ஆட்டினாள்.

நான் போய்ச் சொல்லவில்லை.

மேலே ஒரு காளை பக்கத்துக்காரன் வேலியைச் சாய்த்தது.
அட்லாண்டா சகோதரர்களில் இளையவன்
பாறையில் விழுந்து மணிக்கட்டு வீங்கியது.
எண்ணினோம். பசு நூற்றுப் பதினாறு, சரி.
கன்று நூற்றொன்பது.
“காலையில் பார்க்கலாம்” என்றான் மெர்ல்.
விருந்தாளிகளை யாரும் எண்ணவில்லை.

மேல் சாலை வழியே டிரெய்லரில் திரும்பினோம்.
கொட்டகையில் ஒரு சேணக்கட்டை காலியாக இருந்தது.
பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் உறைக்கவில்லை.
சமையல்கார நெடீன்தான்
பீன்ஸ் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி
“ஒரு தட்டு மிஞ்சுதே” என்றாள்.

ஒன்பது மணி, வெளிச்சத்தின் வால் மட்டும் மிச்சம்.
லாரி விளக்கில் முதலில் தெரிந்தவை கண்கள்,
தரையோடு தரையாக, ஏழு ஜோடி.
அவற்றுக்கு அப்பால் ஹேஸல்
ஒரு காலைத் தளர்த்திக்கொண்டு.
ஒரு கன்று இடப்பக்கம் நகர்ந்தது.
ஹேஸலும் ஓரடி, இடப்பக்கம்.
அது நின்றது. இதுவும் நின்றது.
மெர்லின் அப்பா ஒருவர்தான் இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்,
அவரும் இடையிடையே சபிப்பார்.

மன்னிப்பை எந்த முனையில் தொடங்குவது என்று தேடியபடி
லாரியை இன்னும் கொஞ்சம் முன்னே எடுத்தேன்.
உள்ளங்கையை உயர்த்தினாள்.
எஞ்சினை அணைத்தேன்.

அப்புறம்தான் கேட்டது.
மலைச்சரிவில், தூரத்தில், மடி கட்டிய பசுக்கள்
ஒவ்வொன்றும் ஒரு குரலில் அழைத்துக்கொண்டு
இறங்கி வந்தன.
கன்றுகள் ஏழும் ஒரே நேரத்தில் திரும்பின,
எங்கள் இருவருக்கும் முதுகு காட்டி.
முட்டி முட்டிக் குடிக்கிற சத்தம்
இருட்டில் வெகுநேரம்.

“இப்போது நான் போகலாமா?” என்றாள்.
இறங்கியதும் கால்கள் நிற்கவில்லை,
வேலிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டாள்.
பதினோரு மணி நேரம்.
அடுத்துக் கேட்டது,
அந்த சேஜ் புதருக்குப் பின்னால்
பாம்பு இருக்குமா என்று.
முகத்தைத் திருப்பிக்கொண்டு காவல் நின்றேன்.

அடுத்த மே மாதம் தபாலில் படிவம் வந்தது.
எடை: போன வருடத்தைவிட நான்கு பவுண்டு கூடுதல்.
அனுபவம்: ஒரு கதவு.

மெர்லிடம் நீட்டினேன்.
கூட்டவில்லை, கழிக்கவில்லை,
ஓரத்தில் ‘ஹேஸல்’ என்று எழுதி
அடுத்த படிவத்தை எடுத்தான்.